அப்பா யாருக்கும் திரும்ப மாட்டார்

எங்கப்பாவை விடத் தைரியசாலி கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்று ஏழு வயதில் நான் அடித்துச் சொல்லுவேன். எல்லாம் ஒரு பெட்ரோல் பம்ப் பண்ணிய வேலை.

எழுபதுகளில் அப்பா பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் இருக்கிற சின்ன மின்சாரப் பம்ப் 'டிக் டிக்'கென்று அடித்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். அது அடித்தால்தான் வண்டி நகரும். அம்மா எப்போதும் முன்சீட்டில் கூடவே வருவாள், மடியில் நான். பெண்டாட்டி இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான் என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். அப்பா அதையும் கண்டுகொள்ள மாட்டார்.

அன்றைக்குத் தேவதானப்பட்டி மாப்பிள்ளையையும் அவருடைய தாய்மாமனையும் ஏற்றிக்கொண்டு கடமலைக்குண்டுக்குப் போனோம். பெண் வீடு அங்கேதான். கண்டமனூர் தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பா பானெட்டைத் திறந்து, அம்மாவைச் சாவி போடச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். மற்ற டிரைவர்கள் காதால் கேட்பார்கள், எங்கப்பா கையால் கேட்பார்! எனக்குப் புல்லரித்தது. பம்ப் துடிக்கவில்லை. ஸ்பானரால் லேசாகத் தட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை. பம்புக்கு வருகிற வயரில் டெஸ்ட் பல்பை வைத்தார். எரியவில்லை. ஆக, பம்ப் மேல் குற்றமில்லை, கரண்டுதான் வந்து சேரவில்லை. எங்கே அறுந்திருக்கிறதென்று வயரைத் தடவிக்கொண்டே போனார்.

"என்னய்யா, இன்னும் எம்புட்டு நேரமாகும்?" என்றார் தாய்மாமன்.

அப்பா திரும்பவில்லை.

"ஏய், ஒன்னயத்தான்! முகூர்த்தம் மட்டும் தப்பட்டும், இந்தப் பக்கம் ஒரு பய ஒன் வண்டிய எடுக்க மாட்டான், பாத்துக்க! காது என்ன செவுடாய்யா?"

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. வண்டி நின்றபோதுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை. அப்பாவின் காது மந்தமாகிக்கொண்டே வந்ததும், அது வெளியே தெரிந்தால் யாரும் நம்பி ஏறமாட்டார்கள் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கென்ன தெரியும்? அத்தனை பெரிய மீசைக்காரர் கத்துகிறார், எங்கப்பா தூசிக்குக்கூட மதிக்கவில்லையே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலைல எறங்கிட்டாகன்னா சாமியே வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாகண்ணே" என்று அம்மா எப்படியோ சிரித்துச் சமாளித்தாள்.

அந்நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் குதித்தார். தாய்மாமனும் பின்னாலேயே. அப்பா அசையவே இல்லை. ஆத்தாடி, பஸ்தான் ஒதுங்கிப் போனது! அதற்குள் அம்மா வேறு இறங்கி ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எதற்கு இழுக்கிறாள் என்று எனக்கு அம்மா மேல் கோபம்கூட வந்தது.

வயர் ஒரு தகரத் துளைக்குள் புகுந்து வருகிற இடத்தில் உரசி உரசி அறுந்திருந்தது. அதை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக வேறொரு வயரை இழுத்துப் பம்பில் மாட்டினார். 'டிக் டிக்' என்றது. உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. தாய்மாமன் பந்தியில் அப்பாவைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். "இம்புட்டு வஞ்சேன், மனுசன் ஒரு வார்த்த எதுத்துப் பேசலையேம்மா! என்னா பொறும!" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் அப்பா மறுபடி பானெட்டுக்குள் குனிந்து, மாட்டிய வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்று, "அப்பா, நீங்கதான் எல்லாரையும் விடப் பெரிய ஆளு" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை.

எனக்கு வருத்தமே இல்லை. பஸ்ஸுக்கே திரும்பாதவர், எனக்குத் திரும்புவாரா என்ன? வேலையில் இருக்கிறவருக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று, கொலுசுச் சத்தம்கூடக் கேட்காதபடி மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்துத் திரும்பி வந்தேன்.