காரைதீவுச் சந்தியில் நின்ற மெட்ரோ

கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர்… புது ரெக்சின் மணம், யாரோ பூசிய அத்தர் மணம், எல்லாவற்றையும் தாண்டி என் பைக்குள்ளிருந்து கிளம்பும் மீன் வாடை.

மர்ஜானா நகரத்து மெட்ரோ அது. வளைகுடாவில் நான் வயிற்றுப்பிழைப்புக்கு வந்து சேர்ந்த ஊர். வேலை, ஸ்டேஷன் கிளீனிங்.

இலங்கையில் எங்கள் அம்பாறைக் கரையோரத்து ஆட்கள் ரயில் ஏறவேண்டுமென்றால் மட்டக்களப்புக்குத்தான் போகவேண்டும். அப்படிப்பட்டவனுக்கு ட்ரைவரே இல்லாத ரயில் ஓடுகிற இடத்தில் ரிஸ்கை, சாப்பாட்டுக்கான படியை, எழுதியிருந்தான் அல்லாஹ்.

நான் வந்தபோது சிவப்பு லைன் மட்டும்தான். பழைய துறைமுகத்தில் தொடங்கி, கடலை ஒட்டியே ஓடி, கடைத்தெருவைத் தாண்டி ஏர்போர்ட்டில் முடியும். ஸ்டேஷன் பெயரெல்லாம் ஷேக்குமாரின் பெயர்கள், எங்கள் வாய்க்குள் நுழையாது. ரூமில் மூத்தவர் சம்மாந்துறை நிசாம் காக்கா. ஒருநாள் கதவுக்கு மேலே ஒட்டியிருந்த லைன் மெப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"டேய், இது நம்மட மெயின் ரோட்டேதான்டா!"

கடலோரமாக எங்கள் ஊர்களையெல்லாம் வரிசையாகக் கோக்கிற ரோட்டு அது. அன்றிலிருந்து துறைமுகம் ஒலுவில். அடுத்தது நிந்தவூர். கடைத்தெரு கல்முனை. ரூம் இருந்த ஸ்டேஷனுக்கு யாருடைய ஊர்ப் பெயர் என்று பெரிய சண்டை. ரூமை முதலில் பிடித்தவன் நான் என்பதால் என் சாய்ந்தமருது வென்றது. ஏர்போர்ட்டுக்கு மட்டும் காக்கா பெயர் வைக்க விடவில்லை.

"அதுக்கென்னத்துக்குப் பேரு? அங்க இறங்கினா ஊர்தானே."

பிறகு பச்சை லைன் வந்தது. நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவே பிரிந்து உள்ளே கைத்தொழில் பேட்டைக்குப் போகும். பிரிகிற ஸ்டேஷனுக்குப் பெயர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை… காரைதீவுச் சந்தி. ரூமில் இருந்த சிவாவுக்கு அது சொந்த ஊர், அவனுக்கு ஏகப்பட்ட புளுகம், வாயெல்லாம் பல். திறந்த அன்று சும்மா ஏறவிட்டார்கள். காக்கா கடைசி ஸ்டேஷனுக்குத் தன் ஊர்ப் பெயரை வைத்து, அதுவரைக்கும் போய்வந்து, "சம்மாந்துறையில ஒரு வயலையும் காணல்லடா, எல்லாம் பெக்டரி" என்று கவலைப்பட்டார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை… ஜும்ஆத் தொழுகை முடிந்து ஒலுவிலில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன். கையில் இரண்டு ஃபோன். ஒன்று ஊருக்கு, மற்றது ரூம் ஆட்களுக்கு. ஊர் ஃபோனில் மகள் ஹனா. அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். எதைக் கதைத்தாலும் கடைசியில் ஒரே கேள்விதான்.

"வாப்பா, எப்ப வாறீங்க?"

என் லீவு அதற்கு முன்பே ஒருதரம் தள்ளிப்போயிருந்தது. அதற்குள் மற்ற ஃபோன் அடித்தது, இதை வைக்காமலே அதை எடுத்தேன். சிவா.

"எங்க மச்சான் நிக்காய்? தேங்காப்பால் புழிஞ்சி வெச்சிரிக்கன், மீனக் காணல்ல!"

"காரைதீவுச் சந்திக்கு வந்துட்டன்டா. இந்தா, வீட்ட வந்துருவன்!"

நான் சொல்லி முடிக்கவும் ரயில் நிலத்துக்கடியில் இறங்கவும் சரியாக இருந்தது. இரண்டு ஃபோனும் கட்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்பு பஸ் அம்பாறை வழியாக வந்து காரைதீவுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பும். அங்கிருந்து எங்கள் வீடு கிட்டத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வந்துவிட்டேன் என்று கடைசியாக வீட்டுக்குக் கோல் எடுப்பது அந்தச் சந்தியில் வைத்துத்தான்.

மீனைச் சிவாவிடம் கொடுக்கும்போது மனைவியின் கோல் வந்தது.

"இஞ்ச, புள்ளைக்கிட்ட என்னத்தச் சொன்னீங்க? பெருநாள் சட்டையப் போட்டுக்கிட்டு மெயின் ரோட்டுல நிக்காள். வாற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுறாள். கூப்பிட்டா வாறாளில்ல."

ஸ்டேஷன் பெயர்க் கதையை விளக்கிச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"சொல்லாமக் கொள்ளாம வாறீங்களாக்கும் எண்டு… நானும் உங்களுக்கும் சேத்து ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டுட்டன்."

பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொல்லி இருட்டும்வரை மகள் ரோட்டில் நின்றாளாம். பிறகு அவளுடைய மாமா போய்த் தூக்கிக்கொண்டு வந்தாராம். அன்று ரூமில் மீன்கறி யாருக்கும் இறங்கவில்லை. சிவா தன் ஊர்ப் பெயரால் வந்த வினை என்று சட்டியைக்கூடத் தானே கழுவி வைத்தான்.

இப்போது காக்கா சீனி வருத்தத்தோடு, இன்சுலின் போட்டுக்கொண்டு, ஊரில். சிவா கனடாவில். நான் மட்டும் இங்கேயே…

அண்மையில் நீல லைனும் திறந்தார்கள். பாலைவனத்துக்குள் புது வீடுகள் கட்டுகிற பக்கம் போகிறது. லீவு நாளில் தனியாக ஏறிப் போனேன். ஓரிடத்தில் தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்த்திருந்தார்கள், பச்சைப் பசேலென்று. எங்கள் பக்கத்து வயலூரின் பெயர், சவளக்கடை என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் காதில் ஹெட்போன். யாரிடம் சொல்ல? அந்த லைன் முழுக்க அறிவிப்பில் சொல்கிற பெயர்கள்தான் எனக்கும். அன்று தனிமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஹனா இப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு, ஏ.எல். படிக்கிறாள். இடையில் ஊருக்குப் போய்வராமல் இல்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் விட்ட பெருநாள்கள்தான் அதிகம். எப்ப வாறீங்க என்று அவள் கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகமில்லை. இப்போதெல்லாம் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்கிறாள்.

போன கிழமை லீவு கிடைத்தது. டிக்கெட்டும் கைக்கு வந்துவிட்டது. ஓடிப்போய்க் கோல் எடுத்தேன்.

"மகள், பெருநாளைக்கு வாப்பா வாறன். இந்தத் தரம் நிச்சயம், இன்ஷா அல்லாஹ்."

"சந்தோசம் வாப்பா. வந்து சேந்தாப் பிறகு சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். ஒரு சத்தம் போட்டிருந்தாலாவது மனது ஆறியிருக்கும்.