மீனைத் தேடி வந்த ஆறு

கதை சொல்வது சுலபம் என்று நினைப்பவர்கள், கையில் ஆளுக்கொரு வேலை வைத்திருக்கும் இருபது பெண்களுக்கு நடுவில், நாலு மணி வெயிலில், ஒரு கதையை ஆரம்பித்துப் பார்க்க வேண்டும். சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுக்கும் பிள்ளைக்குக் கதை சொல்லித் தொண்டை வற்றிய தாய்மார்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேபிள் டி.வி. வந்த புதிது. எங்கள் அடையாறு காலனியில் பெண்களாகச் சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் குழு வைத்திருந்தோம். தலைவி என் சிநேகிதி சரோஜா. தெருக் குப்பையைப் பிரித்து வாங்கி உரம் போட ஆரம்பித்து, அது கொஞ்சம் பேர் வாங்கிக் கொடுத்ததும், அடுத்தது ஆற்றங்கரைக் குடிசைகள் என்று முடிவாயிற்று. நோட்டீஸ் கொடுத்தால் யார் படிப்பார்கள், கதையாகச் சொன்னால் கேட்பார்கள் என்றாள் சரோஜா. கான்வென்ட்டில் எலொக்யூஷனுக்குக் கப் வாங்கியவள் என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் நாலு மணி. சம்பளம் கிடையாது, வெயில் இலவசம்.

ராஜகுமாரி வீட்டுக் குப்பை

முதல் நாள் ஒரு ராஜகுமாரியைக் கொண்டுபோனேன். பளிங்கு அரண்மனை, ஏழு தோட்டம். அவள் மாதுளைத் தோலையும் ஜிகினாக் காகிதத்தையும் ஒன்றாக வீசி எறிய, தோட்டமெல்லாம் வாடிப்போகிறது. சிஸ்டர் கற்றுக்கொடுத்தபடி குரலை ஏற்றி, இறக்கி, கண்ணை உருட்டினேன். பிள்ளைகள் கதைக்குச் சிரிக்கவில்லை, என் கண்ணுக்குச் சிரித்தன.

சந்து முனையில் காலையில் ஆப்பம் சுட்டு விற்கும் கன்னியம்மா, மறுநாள் மாவுக்கான அரிசியில் கல் பொறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். "எப்படி இருந்தது?" என்று கேட்டுத் தொலைத்தேன். கதை சொல்கிறவர்கள் கேட்கவே கூடாத கேள்வி. அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கத நல்லாத்தான் கீது. அந்த ராஜகுமாரி வூட்டுக் குப்பய யாரும்மா வாருவாங்க? அவுங்க கதய சொல்லேன்."

சிவப்பு, பச்சை

அடுத்த வாரம் சரோஜா, குடிசைக்கு இரண்டு என்று பிளாஸ்டிக் பக்கெட் அனுப்பினாள், மூடி போட்டது. பச்சையில் காய்கறித் தோல், சிவப்பில் மற்றதெல்லாம். ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய் போனால், தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. வரிசையில் முழுக்க முழுக்க எங்கள் பக்கெட்டுகள். பச்சையில் குடிக்கிற தண்ணீர், சிவப்பில் குளிக்கிற தண்ணீர். பிரிப்பதில் ஒரு வீடுகூடத் தப்பு செய்யவில்லை. நான் போட்ட சத்தத்தில் லாரி டிரைவரே குழாயை மூடிவிட்டான். கன்னியம்மா மட்டும் இடுப்பில் பச்சை பக்கெட்டோடு நிதானமாக வந்தாள்: "மூடி போட்ட பக்கெட்டுல குப்பய வெச்சிக்கினு, மூடியில்லாத கொடத்துல தண்ணிய வெக்கச் சொல்றியே, உங்க வூட்ல அப்டித்தான் வெச்சிக்கிறீங்களாம்மா?"

மடவைக் குழம்பு

குப்பைக்கு ஓட்டைக் கூடையும் சிமென்ட் சாக்கும் போதும் என்று ஆனது. கதையையும் மாற்றினேன். இந்த முறை ஆறுதான் கதாநாயகி. நாற்றம் தாங்காமல் அவளுடைய மீன்களெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. அவள் வாரம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "என் மீனைப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறாள். தட்டுவது நான்தான், என் பழைய நீல ஷிஃபான் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு. அந்த வீட்டுக்காரர்கள் கூடையையும் சாக்கையும் காட்டி, ஆற்றில் எதையும் போடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் பக்கத்து வீடே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டே மாதத்தில், சந்தின் பின்பக்கம் வெட்டிய குழியில் மக்கு உரம் சேர்ந்தது. அதன்மேல் பூசணிக் கொடி, கேட்காமலே, படர்ந்தது.

கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலை பீடியோடு தூரத்தில் நின்று நக்கல் அடிப்பான். அவன் வயசுப் பையனாக இருந்தபோது அதே ஆற்றில் வீச்சு வலை போட்டு மடவை மீன் பிடித்தவன். வலை இன்னும் கூரையில் தொங்கியது. வருஷா வருஷம் பிரித்து, எலி கடித்த இடத்தைப் பின்னி, திரும்ப மாட்டி வைப்பானாம். ஒரு நாள் கிட்ட வந்து, "மீனு திரும்பி வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு" என்றான். அடுத்த வாரம் என்றேன். தொடர்கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? உண்மையில் எனக்கு முடிவு தெரியாது. அவன் பீடியை அணைத்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ சொல்ற மீனு கதயில கீது. நான் புட்ச்சது எங்க வூட்டுக் கொழம்புல இருந்துச்சிம்மா."

பைப்பு

ஒரு பெண் குழந்தை கேட்டது: "ஆறு ஏன் எங்க வூட்டுக் கதவையே தட்டுது, அந்தப் பக்கம் ஏன் போகல?" அது காட்டிய பக்கத்தில் எங்கள் காலனி. கரையில் துருத்திக்கொண்டிருந்த பைப்பு எங்கள் ஃப்ளாட்டுகளுடையது. கறுப்பாக ஏதோ கொட்டிக்கொண்டே இருந்தது. நீலப் புடவைக்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

நேரே சரோஜா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவள் காபி கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், கடைசியில் பதிலும் கொடுத்தாள்: "அது ஸூவேஜ்டி, சாக்கடை. குப்பை இல்லை. நம்ம குழு குப்பைக்கு மட்டும்தான்."

ஒரு வார்த்தை

கரையைச் சுத்தப்படுத்தப் போகிறார்கள், குடிசைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒரு செவ்வாய் போனபோது கதவுக்குக் கதவு சுண்ணாம்பில் நம்பர் எழுதியிருந்தது. அன்றைக்கு யாரும் வேலையைக் கையில் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா கேட்டாள், "சுத்தமா வெச்சிருந்தா காலி பண்ண மாட்டாங்கல்ல?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தமிழில் அது இரண்டே வார்த்தை. ஆனால் எனக்குக் கதையை ஆரம்பிக்கிற அவசரம். ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும். "மாட்டாங்க, மாட்டாங்க" என்றேன், ஈ ஓட்டுகிற மாதிரி. கன்னியம்மா எழுந்தாள், துடைப்பத்தை எடுத்தாள், சந்து முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "கதையம்மாவே சொல்ட்டாங்க, இன்னும் இன்னாடி குந்திக்கினு கீறீங்க, பெருக்குங்க!"

அந்தச் சந்து அதற்குப்பின் எங்கள் தெருவைவிடச் சுத்தமாக இருந்தது. நான் பெருமையோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

லாரி

தண்ணீர் லாரி இல்லை. வேறு லாரிகள், ஆறோ ஏழோ. நீலப் புடவை என் பையில் இருந்தது. பாத்திரம், பாய், கட்டில், கோழி, எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ஏழுமலை வலையைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தான். என்னைப் பார்த்தான், கும்பிட்டான். நக்கலாகவே ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கன்னியம்மா காலியான வீட்டுக்குள் குந்திக்கொண்டு, ஓட்டைக் கூடையில் வெங்காயத் தோலும் சிமென்ட் சாக்கில் எண்ணெய்க் கவருமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறான். "இன்னும் பத்து நிமிஷத்தில் இடிக்கப் போகிற வீட்டுக்கு எதுக்கு இது, எழுந்திரு" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "செவ்வாக்கெழமயாச்சேம்மா. ஆறு வந்து கேட்டா இன்னா சொல்றது?"

இரண்டு பஸ்

மூன்று மாதம் கழித்து, இரண்டு பஸ் மாறி, விலாசம் விசாரித்துக்கொண்டு போனேன். ஒரே மாதிரி வீடுகள், ஒரு மரம் இல்லை, தண்ணீர் என்று பார்க்க ஒரு குட்டைகூட இல்லை. வாசலில் பச்சை பக்கெட்டும் சிவப்பு பக்கெட்டும் இருந்ததால்தான் கன்னியம்மா வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆப்பக் கடை இல்லை. அங்கே காலையில் ஆப்பம் வாங்க யார் இருக்கிறார்கள்? ஏழுமலை கொத்து வேலைக்கு நகரத்துக்குப் போயிருந்தான். வலை கூரையில் இல்லை. பூசணிக் கொடிக்குப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வாக்கியங்களை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். கான்வென்ட் படிப்பு அதற்குத்தானே. அவள் டீ கொடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "கதைக்கு நான் முடிவே சொல்லலையே, இப்போ சொல்லட்டுமா?" என்றேன். மீன் திரும்பி வருவதாக ஒரு முடிவைக் கடைசியில் யோசித்து வைத்திருந்தேன். சுற்றிப் பிள்ளைகள் வேறு கூடிவிட்டன.

"வாணாம்மா, நானே முடிச்சி, இதுங்களுக்குச் சொல்லிக்கினு கீறேன்" என்றாள் கன்னியம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, கதை சொல்கிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "மீனு வந்துச்சி. வந்து பாத்தா கரையில ஒரு வூடு இல்ல. இப்ப மீனும் ஆறும் சேர்ந்துக்கினு எங்கள தேடுதுங்க, ஒவ்வொரு வூடா கதவத் தட்டி."

சகோதரிகளே, இத்தனை கதை சொல்லி நான் திருத்தியது என் வீட்டுக் குப்பைக் கூடை ஒன்றைத்தான் என்றாலும், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாசலில் யார் கதவைத் தட்டினாலும் நான் பால்காரனையோ தபால்காரனையோ எதிர்பார்த்துத் திறப்பதில்லை.