காப்பிக்கு வந்த முடிவுரை

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இந்தக் காகிதப் பஞ்சத்திலும் பத்திரிகையில் வாராவாரம் எனக்கு அரைப் பக்கம் கொடுக்கிறார்கள் — சும்மாவா?

போன வாரம் காப்பியைப் பற்றிப் படித்தீர்களே... அது நான் சொன்னதே இல்லை!

நான் திட்டத்தான் ஆரம்பித்தேன். கூழ் குடித்த வீட்டில் இதென்ன கறுப்புத் தண்ணீர் என்று. பாதியில் மகள் சரசு ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது டம்ளரில் கட்சியே மாறிவிட்டேன். அத்தனையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

தபாலில் போட மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் எழுதுகிற பேத்திக்கு அப்பா, தமிழ் வாத்தியார். வியாசம் என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை வேண்டுமாம். நான் எழுதச் சொன்ன டம்ளர் இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டு, 'ஆகவே, காப்பியை அறவே ஒழிப்போமாக' என்று முடித்து அனுப்பிவிட்டார்.

ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் பாய் வாராவாரம் என்னைப் படிப்பவர். கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவில் கூப்பிட்டுக் கேட்டார்:

"இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? யாரோ மேடையில பேசற மாதிரி கீதுங்களே!"

மானம் போயிற்று.

இன்றைக்கு மாப்பிள்ளை மறுபடி வந்திருக்கிறார், இந்த வாரத்தையும் திருத்தித் தர. எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை முகம் பார்த்துப் பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சரசு, திருத்த வேணாம்னு அவருகிட்ட சொல்லு."

"சரசு, முடிவுரை இல்லாம ஒரு வியாசமான்னு உங்கம்மாவைக் கேளு."

"முடிவு தெரிஞ்சா நான் கெளம்புறேன்? யோசிச்சிகினேதானே போறேன், சொல்லுடி!"

"நீங்களே பேசிக்கோங்க. எனக்கு அடுப்புல வேலை கீது" — சரசு உள்ளே போய்விட்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். சேதி சொல்ல நடுவில் ஆள் இல்லை!

அப்போதுதான் நினைத்தேன். முடிவு கட்டியதைச் சொல்ல ஒரு நோட்டீஸ் போதாதா? வியாசம் எதற்கு? தெரியாமல் ஆரம்பித்து, நாலு பேர் எதிரில் மனசை மாற்றிக்கொள்ளத்தான். கதவைத் திறக்காமலே பேசவும்தான். ஆகையால் மாப்பிள்ளை, என் டம்ளர்களில் கை வைக்காதீர்கள்.

பாப்பா, எழுதினதைப் படித்துக் காட்டு. கொஞ்சம் சத்தமாகப் படி... உங்க நைனா கூடத்தில்தான் உட்கார்ந்துகினு இருக்கார்.