இடப்பக்கம் ஓடிய ஊர்

அம்மா ட்ரயலில் முதல் தடவை தோற்றபோது எனக்கு ஒன்பது வயது. ட்ரயல் என்றால் லைசன்ஸுக்காக ரோட்டில் ஓட்டிக்காட்டும் பரீட்சை. மேட்டில் நிறுத்திய வாகனத்தைத் திரும்ப எடுக்கும்போது பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்திருக்கிறது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ஜின் நின்றுவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தாள். நிறுத்த மறந்து துருவிக்கொண்டே இருந்ததில் மூன்று நாளைக்கு எங்களுக்குச் சம்பல்தான்.

எங்கள் வீடு மடவளைக்கும் வத்தேகமவுக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே இருந்தது. அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. டவுனில் கார் நிறுத்த இடம் கிடைக்காதென்று பஸ்ஸில்தான் போய்வருவார். ஆகவே ஆசை ஆசையாக வாங்கிய எங்கள் சின்ன வெள்ளைக் கார் கிழமையில் ஆறு நாள் போர்த்திக்கொண்டு வாசலில் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் குளிப்பாட்டி, கோயில்வரை ஓட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து போர்த்திவிடுவார். எங்களைக்கூட அவர் அப்படிப் போர்த்திவிட்டதில்லை. அந்தக் காரை அம்மா தொடுவதில் அவருக்கு உள்ளூர விருப்பமில்லை என்பது எனக்கே தெரியும்.

"இன்னொரு தடவை போய்ப் பாரு. அதுவும் போச்சுன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். அடுத்த ட்ரயல் ஒரு வியாழக்கிழமை என்று கலண்டரில் வட்டம் போட்டாயிற்று.

கார் ஓட்டப் பழக்கும் லேனர்ஸ்காரர் வாரத்தில் ஒரு நாள்தான் அம்மாவை ஓட்ட விடுவார். மீதி நாட்களுக்கு அம்மா கண்டுபிடித்த வழி, அண்ணனுடைய கம்ப்யூட்டர் கேம். கடலோரத்தில் ஒரு பெரிய ஊர், அதில் நமக்கு ஒரு கார். அந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அண்ணன் அதில் செய்யாத அட்டூழியம் இல்லை. அடித்துப் பிடித்து நாற்பது கார்களைச் சேர்த்து ஒரு கராஜில் அடுக்கி வைத்திருந்தான். அம்மாவோ பகல் சமையலை முடித்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவாள். சிவப்பு விளக்குக்கு நிற்பாள். ரோட்டைக் கடக்கிற ஆளுக்கு வழி விடுவாள். பின்னால் எடுக்கும்போது நிஜமாகவே கழுத்தைத் திருப்பிச் சமையலறையைப் பார்ப்பாள்.

"அம்மா, இது இடிச்சு நொறுக்குற கேமும்மா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

"நொறுக்கினா யாருடா அள்ளுறது?" என்பாள் அம்மா.

ஒரே ஒரு குறை இருந்தது. எந்த நாட்டுக்காரன் செய்த கேமோ, அந்த ஊரில் எல்லா வாகனமும் ரோட்டின் வலப்பக்கமாக ஓடியது. "இதுல பழகிப்போயி ட்ரயல்லயும் வலது பக்கம் திருப்பிட்டேன்னா என்னடா செய்யிறது?" என்று அம்மா ஒரு நாள் கவலையோடு கேட்டாள். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது. கேமின் செட்டிங்ஸ் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறதென்றும், அதில் ஓர் எண்ணை மாற்றினால் ஊர் முழுக்க இடப்பக்கம் வந்துவிடுமென்றும் அவன் எங்கேயோ படித்திருந்தான்.

ட்ரயலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எனக்குச் சளி. அண்ணனுக்கு என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் அந்த ஃபைலைத் திறந்தான். மருந்துச்சீட்டு மாதிரி வரிசை வரிசையாக இங்கிலீஷ் வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்.

"முதல்ல இதை ஒரு கொப்பி எடுத்து வைக்கணும். பென்டிரைவ் வாங்கிட்டு வர்றேன். நீ தொடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினான். அதே கம்ப்யூட்டரில் கொப்பி எடுத்து வைக்கலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் என்னை முந்திரிக்கொட்டை என்று கூப்பிட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கதிரையில் ஏறிவிட்டேன்.

பக்கம் என்ற வரியில் ஒன்றை இரண்டாக்கினேன். அதோடு இறங்கியிருக்கலாம். வாகனம் என்ற வரியில் முப்பது இருந்தது, முந்நூறு ஆக்கினேன். மழை பூச்சியம் என்று இருந்தது. கண்டிக்காரிக்கு அது எப்படிப் பொறுக்கும், அதற்கும் ஒரு தொண்ணூறு போட்டேன். பாரம் என்று ஒன்றிருந்தது, அதைக் கணிசமாகக் குறைத்தேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு என்னாலான உதவியைச் செய்து, சேவ் பண்ணி, கேமையும் தொடக்கிவிட்டேன்.

ஊர் இடப்பக்கம் வந்துவிட்டது உண்மை. ஆனால் ரோடுகளும் வளைவுகளும் சிக்னல் விளக்குகளும் வலப்பக்கத்துக்காகக் கட்டப்பட்டவை ஆயிற்றே, அவை அப்படியே இருந்தன. பாலத்தில் இறங்கும் வழியால் பஸ்கள் ஏறின. சுற்றுவட்டத்தில் எள் போட இடமில்லை. கொட்டும் மழையில் லொறிகள் ஒன்றையொன்று தொட்டதும் பஞ்சுபோல மேலே எழும்பி, யோசித்து, பிறகு எங்கேயாவது இறங்கின. அண்ணன் பென்டிரைவோடு உள்ளே வந்த நேரத்தில் அவனுடைய கராஜ் வெடித்தது. நாற்பது கார்களும் பாரம் இல்லாமல் முட்டி மோதி, கூரையைப் பிய்த்துக்கொண்டு கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. கேம் அந்தக் கோலத்தைத் தானாகவே சேவ் செய்துகொண்டது.

"பழைய நம்பரெல்லாம் என்னடி?"

"மறந்துட்டேன்."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன். என் பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான், நான் அவனைவிடச் சத்தமாக அழுதேன். எனக்கு அவனுடைய கார்களைப் பற்றிக் கவலையில்லை. வியாழக்கிழமை அம்மா தோற்றால் அதற்கு நான்தான் காரணம் என்றுதான் அழுதேன்.

கோயிலிலிருந்து வந்த அம்மா விபூதி நெற்றியோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அகப்பைக் காம்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்று நான் காத்திருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, இது ஸ்கூல் விடுற நேரத்துல நம்ம டவுன் மாதிரியே இருக்கே. தள்ளுங்கடா" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த நான்கு நாட்களைப்போல எங்கள் வீட்டில் ஒரு கொண்டாட்டம் இருந்ததில்லை. முதல் நாள் பாலத்திலிருந்து மூன்று தடவை கடலில் விழுந்தோம். செவ்வாய்க்கிழமை எதிரில் வந்த பஸ்ஸை அம்மா ஹோர்ன் அடித்தே ஒதுங்க வைத்தாள். அண்ணன் துக்கத்தை மறந்து கண்டக்டராகிவிட்டான். "ரைட், ரைட், எடுங்கம்மா" என்று கம்ப்யூட்டர் மேசையைத் தட்டுவான். லொறி பறந்து வரும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாகத் தலையைக் குனிவோம். புதன்கிழமை அம்மா ஒரு கீறல் இல்லாமல் பாலத்தைக் கடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏதென்று எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினோம்.

வியாழக்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஆறுதல் சொல்லத் தயாராகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி, படி ஏறி வந்து, ஒரு லட்டுப் பெட்டியை அவர் கையில் வைத்தாள். அதே மேடு. இந்த முறையும் பின்னால் பஸ் ஹோர்ன் அடித்திருக்கிறது. போதாததற்கு ஓர் ஆட்டோ தப்பான பக்கத்தால் நுழைந்திருக்கிறது. பக்கத்திலிருந்த பரீட்சகர்தான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாராம். அம்மா ஆட்டோவுக்கு வழி விட்டு, அலுங்காமல் மேட்டில் ஏறியிருக்கிறாள்.

"இவ்வளவு நாளும் எங்கே ஓட்டுனீங்கன்னு சிங்களத்துல கேட்டாரு. வீட்டுலதான் மாத்தையா, மழையிலன்னேன்" என்றாள் அம்மா. அப்பா லட்டு வாயோடு சிரித்துப் புரையேறினார். பிறகு தானே போய்க் காரின் போர்வையை எடுத்தார்.

சனிக்கிழமை பகல், வத்தேகமவில் கோதுமை மா வாங்கி வருவதாகச் சொல்லி அம்மா எங்கள் இருவரையும் காரில் ஏற்றினாள். அப்பாவுக்கு அரை நாள் வேலை என்பதால் வீட்டில்தான் இருந்தார். படலைவரை கூடவே நடந்து வந்து பத்துப் புத்தி சொன்னார். அம்மா நிதானமாக ஓட்டினாள். கடைத்தெரு வந்தது. கடை வந்தது. கடை போனது.

"அம்மா, கடை போச்சு."

"ம்."

கார் பன்வில ரோட்டில் மேலே ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள். தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்ததை ஒதுக்கக்கூட இல்லை. எங்கே போகிறோம் என்று கேட்டேன், சும்மா என்றாள். பயந்து அழுதுவிடுவாளோ என்று முகத்தை எட்டிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு வளைவில் திருப்பி, வந்த வழியே கீழே இறங்கினாள். கடை மறுபடியும் வந்து, மறுபடியும் போனது.

"மா எங்க? ஏன் இவ்வளவு நேரம்?" என்று அப்பா படலையிலேயே கேட்டார்.

பாவம், அம்மா என்ன சொல்வாள் என்று நானே முந்திக்கொண்டேன். "அம்மாவுக்கு வழி தவறிப்போச்சுப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். வத்தேகமவிலேயே பிறந்து, கல்யாணம்வரை அந்தக் கடைத்தெரு வழியாகவே பள்ளிக்கூடத்துக்கும் தையல் வகுப்புக்கும் நடந்த அம்மா, "ஆமா, தவறிருச்சு" என்று சொல்லிக்கொண்டே காரைப் பூட்டினாள்.

எனக்கு அவள்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. அன்று பின்னேரமே கொப்பித் தாளில் எங்கள் வீடு, மெயின் ரோடு, மா விற்கும் கடை எல்லாம் போட்டு, அம்புக்குறியோடு ஒரு படம் வரைந்து கொடுத்தேன். அம்மா அதை நன்றாகப் பார்த்து, என் கன்னத்தைத் தட்டி, நான்காக மடித்துக் காருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் எங்களுக்கு வழி தவறியது.