டிபன் பையில் டிராக்டர் ஒயர்

இன்னிக்கு ஒரகடம் பஸ்ல பக்கத்து சீட்ல செக்யூரிட்டி யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர். போன் அடிச்சதும் டிபன் பைக்குள்ள கைய விட்டாரு. போனோட சேந்து தடியா ஒரு ஒயரும் வெளிய வந்துச்சு.

"பேட்டரி டவுன் மச்சான், வண்டி ஸ்டார்ட் ஆவாது"ன்னு சொல்லிட்டு வச்சாரு.

"இது என்னண்ணே?"

"என் டிராக்டர் பேட்டரி ஒயரு தம்பி. டூட்டிக்கு வர்றப்ப கழட்டி எடுத்தாந்துடுவேன். வேற டிராக்டர் சாவி போட்டாலே ஓடுற வண்டி அது."

"திருட்டு பயமா?"

"திருடன்னா போலீசுக்குப் போலாமே. மச்சான் கேக்காம எடுத்துக்கினு போயி ஊர் பூரா உழுவுறான். போன வாட்டி கலப்பைய வளைச்சுட்டான்."

"தர மாட்டேன்னு சொல்லிட வேண்டியதுதான?"

என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "கம்பெனி கேட்ல கார்டு இல்லன்னா மேனேஜரையே நிறுத்துவேன். இவன இன்னா பண்றது? பொண்டாட்டியோட தம்பி."

எனக்குச் சிரிப்பு வரல. ரூம்மேட் காலைல கேக்காம என் பைக்க எடுத்துட்டுப் போனதாலதான் நான் அந்த பஸ்லயே இருந்தேன். சாயங்காலம் வந்து, "பெட்ரோல் கம்மியா இருந்துச்சு மாப்ள"ன்னான்.

"பரவால்லடா"ன்னேன்.

பைக்ல ஈசியா எதைக் கழட்டலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சவங்க இருந்தா, முதல்ல நீங்க சொல்லுங்க.