தொப்பூர் கணவாயில் ஒரு கடற்சிலந்தி

பேராசிரியர் மாதம்மாள் நேற்று மாலை பென்னாகரத்தில் தம் வீட்டில் காலமானார். அவருடைய தம்பி தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றவர், "அந்த ரிசல்ட்டு இன்னும் வரலீங்க" என்றார்.

கடலில்லாத நம் மாவட்டத்தில் விலங்கியல் கற்பித்தபடியே கடற்சிலந்திகளை ஆராய்ந்தவர் அவர். அவரிடம் படித்த உங்களுக்கு இது தெரியும். சென்ற ஆண்டு தூத்துக்குடி நண்பர் ஒருவர், ஆழ்கடல் இழுவலையில் சிக்கிய ஒன்றை அவருக்குக் கொடுத்தார். வெயில் எட்டாத குளிர்ந்த ஆழத்தில் வாழ்வது, கண் கிடையாது. உடல் நெல்மணி அளவு, கால்கள் விரல் நீளம். கால் நுனியின் நகம் தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. புதிய இனம் என்றார். கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

சேலத்திலிருந்து பேருந்தில் அதை அவர் கொண்டுவந்தபோது நானும் உடன் இருந்தேன். தொப்பூர் கணவாயில் முன்னே ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. எங்கள் ஓட்டுநர் போட்ட பிரேக்கில் அது ஊறிய கண்ணாடிச் சாடி கம்பியில் மோதி விரிசல் விட்டது. அதைக் கெடாமல் காத்த ஸ்பிரிட் சொட்டத் தொடங்கியது.

நடத்துநருக்கு வாசம் எட்டியது. "யாருங்க அது, பஸ்ஸுல சரக்கு?"

"எனக்கில்லீங்க தம்பி, இதுக்கு."

நடத்துநர் குனிந்து பார்த்தார். "வெறும் காலாவே இருக்குதுங்களே மேடம், வயிறு எங்க?"

"ஒடம்புல எடம் பத்தாம குடலு காலுக்குள்ள எறங்கிருச்சு. மூச்சு வுடறதும் கால் தோல் வழியாத்தான்."

"அப்ப முட்டிவலி வந்தா ஆளே காலிங்க!"

பேருந்து சிரித்தது. மாதம்மாள் சிரிக்கவில்லை. காய்ந்தால் கால்கள் சுருங்கி நொறுங்கிவிடும். பின்னிருக்கைக்காரர் ஒருவர் அரை பாட்டில் பிராந்தியை நீட்டினார். "கலரு ஏறிருங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்று மாதம்மாள் மறுத்தார்.

பையில் ஒரு சிறு குப்பி இருந்தது. மிஞ்சிய ஸ்பிரிட் அதற்குப் போதும். விரிந்த கால்கள் அதற்குள் போகா. மடக்கினால் கண்ட இடத்தில் ஒடியும்.

"வேற வழியில்லீங்களா?" என்றேன்.

"முழுசா காப்பாத்தணும்னு நின்னா முழுசும் போயிரும். குப்பிய ஆடாம புடிங்க சார்."

கத்தரிக்கோலை எடுத்தார். "அண்ணே, வண்டிய அசைக்காதீங்க!" என்று நடத்துநர் கத்தினார். உடலை ஒட்டி ஒவ்வொரு காலாக வெட்டி உள்ளே இறக்கினார் மாதம்மாள். உடலும் கடைசிக் காலும் மூழ்கிய பிறகுதான் மூச்சு விட்டார்.

அவருடைய கட்டுரையைப் படித்த ஆய்விதழ், வெட்டிய கால்கள் அந்த உடலுக்கே உரியவை என்பதற்குச் சான்று கேட்டது. அவர் கோபப்படவில்லை. "நானா இருந்தாலும் இதத்தான் கேப்பேன்" என்றார். உடலிலிருந்தும் கால்களிலிருந்தும் துளித்துளி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் இப்போதெல்லாம் 'இதற்குச் சான்று என்ன' என்ற அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

கால்களும் உடலும் ஒன்றுதானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. முடிவு அடுத்த மாதம் வரும் என்று ஆய்வகம் அவர் தம்பியிடம் கூறியிருக்கிறது.