பின் சக்கரம் பிடித்து வைத்த மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளையைவிட அவருடைய மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது. பையன் எப்படி என்று அம்மா கேட்டால், "புது வண்டிங்க, பேர் பதிஞ்சு வருசக்கணக்கா காத்திருந்து எடுத்தது" என்பார் தரகர். குணம் எப்படி என்று அப்பா கேட்டால், "ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிடுதுங்க" என்பார். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை, வீடு ஓசூர் பக்கம், தகப்பனார் இல்லை, தாய்மாமன் சொல்வதுதான் சட்டம் என்பதையெல்லாம் நாங்களாகக் கிண்டிக் கிண்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. அறுபதுகளின் கடைசி அது. குந்தாரப்பள்ளியைச் சுற்றி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அம்மா பாதி மனதை வண்டிக்கே கொடுத்துவிட்டாள்.

எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. முந்தின வருஷம் ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. காப்பி குடித்தார்கள், என்னை நடக்கவிட்டுப் பார்த்தார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து, என் மேல் எனக்கே வெறுப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி குடிக்கலாம், வாழைப்பழம் சாப்பிடலாம். சோறு மட்டும் கூடாது. ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊர் சும்மா விடாது. இது நன்றாகத் தெரிந்தும் அம்மா அன்றைக்கு விடிவதற்குள் எழுந்து மொச்சைக் கொட்டைக் குழம்பு வைத்து, பருப்பு கடைந்து, நெய் உருக்கி வைத்துவிட்டாள். "ஆகலைன்னா நாமளே தின்னுக்கலாம்" என்றாள். தை மாதத்துப் பனியில் விளைந்த மொச்சை. அதன் வாசனை வீட்டோடு நிற்கிற ஜாதியில்லை, தெரு வரைக்கும் போகும்.

அன்று சந்தை நாள். ரோடெல்லாம் மாடும் ஆளுமாகப் போய்க்கொண்டிருக்க, நடுவில் படபடவென்று வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. மாப்பிள்ளை ஓட்டி வந்தார். பின்னால் அவருடைய மாமா, ஒரு கையில் குடையும் மறு கையில் மாப்பிள்ளையின் தோளுமாக விறைத்து உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல கனம். பயத்தையே மிடுக்காக மாற்றிக் காட்டத் தெரிந்தவர் என்பது ஜன்னல் வழியாகப் பார்த்தபோதே எனக்குப் புரிந்தது.

காப்பித் தட்டோடு போனேன். தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் மாப்பிள்ளையின் பாதம் மட்டும்தான் தெரிந்தது. பாதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமாதான் பேசினார்.

"கட்டியில்லாம களி கிண்டுவியாம்மா?"

"கிண்டுவேங்க."

"எங்கூட்ல மாடு இருக்குது. பயப்படுவியா?"

"மாடுதான் என்னைப் பார்த்துப் பயப்படும்" என்று நாக்கு நுனி வரை வந்தது. "இல்லீங்க" என்று சொல்லி அதை விழுங்கிக்கொண்டேன். ஒரு தடவை துணிந்து நிமிர்ந்து பார்த்தேன். என்னைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது கிளம்பலாம் என்று இருக்கிறார் போலிருக்கிறது என நினைத்து உள்ளே வந்து, தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறமுங்க" என்றார்.

அடுப்படியில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் வண்டி போகவில்லை. பின் சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வாசலைப் பார்த்தது அதைத்தான். வரும்போதே சூளகிரியில் ஒரு தடவை இறங்கிக் காற்று அடித்தாராம். புது வண்டி, புது டயர், இதில் பஞ்சர் என்று மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமாவுக்குச் சகுனம் பார்க்கிற பழக்கம் வேறு. "லேசா காத்து கம்மியா இருக்குதுங்க மாமா, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியோடு கொடுத்த கைப்பம்பை எடுத்து, வியர்க்க விறுவிறுக்க அடித்தார்.

காற்று ஏறியது. ஆனால் நம் ஊரில் விடைபெறுவது என்பது லேசுப்பட்ட காரியமா? அப்பா மழையைப் பற்றிக் கேட்க, மாமா ராகி விலையைப் பற்றிச் சொல்ல, பொதுவான உறவுக்காரர் ஒருவரைத் தேன்கனிக்கோட்டை வரைக்கும் தேடிப்போய்க் கண்டுபிடித்து, அவர் வயலில் யானை இறங்கிய கதையையும் பேசி முடிப்பதற்குள் சக்கரம் மறுபடி பாதி இறங்கிவிட்டது. திரும்ப அடித்தார். மாமா ஏறினார். போனார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையும், குடை பிடித்தபடி அவருக்குப் பின்னால் மாமாவும் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு யாரும் தட்டு நீட்டவில்லை. அதனால் நான் ஜன்னலில் நின்று அந்த மனிதரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. சட்டையைக் கழற்றிக் கொய்யா மரத்துக் கிளையில் மாட்டிவிட்டு, பனியனோடு குந்தி உட்கார்ந்து, டயரை நெம்பி, டியூபை உருவினார். மாடு தண்ணி குடிக்கிற கல் தொட்டியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பார்த்தார். குமிழி வரவே இல்லை. வால்வுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாதென்று அந்த இடத்தை மட்டும் குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஓட்டையில்லாத டியூபுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கீறல் மேல் ஒட்டுப் போட்டார். மாட்டினார். அடித்தார். இறங்கியது.

அவர் எங்களிடம் பேசியது சுத்தமான, மரியாதையான தமிழ். வண்டியைத் திட்டியது மட்டும் கன்னடத்தில். தொழிற்சாலையில் பழகிய கன்னடம் அது, எங்களுக்குப் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். அம்மா பிறந்ததோ கன்னடம் பேசுகிற ஆனேக்கல் பக்கம். ஒவ்வொரு வசவுக்கும் அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். "நல்ல பையன்டீ. ஒரு கெட்ட வார்த்தை இல்ல. 'உன்னை நம்பித்தானே வந்தேன், இப்படிப் பண்றியே'ன்னு கேக்கறான்" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறு ஏதோவும் வந்தது. இரும்பிடம் இப்படி நியாயம் கேட்கிறவர் பெண்டாட்டியிடம் கத்த மாட்டார் என்று தோன்றியது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவர் வேண்டும் என்றிருந்தது. காலையில் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது.

அப்பா சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிடப் போய்ச் சும்மா திரும்பினார். கடைக்காரர் சந்தையில் கிடா விற்கப் போய்விட்டாராம். "வண்டி இங்கயே இருக்கட்டும், பஸ்ஸில போயிடுங்களேன்" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மாமா தலையை ஆட்டிவிட்டார். "முடிவாகாத எடத்துல வண்டிய விட்டுட்டுப் போறது வழக்கமில்லீங்க."

வெயில் உச்சிக்கு வந்தது. மொச்சைக் குழம்பு மணத்தது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாருங்களேன்" என்றார் அப்பா.

"அய்யோ, அது வழக்கமில்லீங்களே" என்றார் மாமா. சொல்லும்போதே அவர் மூக்கு அடுப்படிப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். விருந்தாளி பட்டினி கிடக்க வீட்டுக்காரர் சாப்பிட முடியாது. அப்பாவோ வேளைக்குச் சோறு இல்லாவிட்டால் மாட்டோடுகூடச் சண்டை போடுகிற ரகம். ஆக, ஒரு வீடு நிறையச் சமைத்து வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் மரியாதையாகப் பட்டினி கிடந்தோம்.

இதிலே பெரிய வேடிக்கை என்னவென்றால், காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிற சுலபமான வழி அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் ஓட்டுகிற எவருக்கும் தெரியும். விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தால் போதும். காற்று கசிந்தால் குமிழி கட்டும். ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை எச்சில் துப்புவாரா? அவர் ஒரு தடவை விரலை வாய் வரைக்கும் கொண்டுபோனார். அம்மா கதவோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்த விரலால் மீசையை நீவிக்கொண்டார். அப்பா இரண்டு தடவை வால்வைக் குனிந்து பார்த்தார். சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் அது நன்றாயிருக்குமா என்று நிமிர்ந்துகொண்டார். மாமாவோ வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கொட்டாவி விடுகிற மனிதர். அவரிடம் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் தண்ணீரையாவது தொட்டு வைத்திருக்கலாம். பசி மயக்கத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. எச்சில் வைக்கலாமா கூடாதா என்பதிலேயே எல்லோருடைய புத்தியும் மாட்டிக்கொண்டு நின்றது.

எனக்குப் பொறுமை கம்மி. பிறவிக் குணம். பசித்தால் இன்னும் கம்மி. மாப்பிள்ளை மறுபடியும் டயரை நெம்பக் கம்பியை எடுத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு இறங்கினேன். "ஏய், எங்கடீ?" என்று அம்மா பதறியது காதில் விழுந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலை நாக்கில் வைத்து நன்றாக ஈரமாக்கி, வால்வு வாயில் தடவினேன்.

குமிழி ஒன்று மெதுவாகக் கிளம்பி, உருண்டு பெருத்து, பட்டென்று உடைந்தது. அடுத்தது கிளம்பியது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்துவிட்டாள். அப்பா வானத்தைப் பார்த்தார். எனக்குக் காது மடல் கொதித்தது. இனிமேல் சொல்லி அனுப்பக்கூட மாட்டார்கள், ஓசூர் முழுக்கச் சொல்லித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வால்வு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நுனியில் இருந்த பிளவால் உள்ளே இருந்த ஊசியை முறுக்கினார். அது ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது. அவ்வளவுதான் வேலை. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரையும் லட்சியம் செய்யாமல் தன் விரலை நாக்கில் தொட்டு, நான் வைத்த அதே இடத்தில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். குமிழி வரவில்லை.

காற்று அடித்தார். சக்கரம் கல் மாதிரி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களை இவ்வளவு நேரம் இங்கே பிடித்து வைத்திருந்தது அந்தக் கசிவு ஒன்றுதான். அதையும் நானே அவசரப்பட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவர் கை கால் கழுவிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மாமா குடையை இடுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். தரகர் சொன்னது பொய்யில்லை, ஒரே உதையில் வண்டி உறுமியது. மாமா அப்பாவைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க முடியாமல் உள்ளே போகத் திரும்பினேன்.

வண்டிச் சத்தம் நின்றது.

"மாமா, எனக்குப் பசிக்குது" என்றார் அவர்.

பசிக்கிறது என்று சொல்வதற்கு அந்த வாசலில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது என்பது அங்கிருந்த ஐந்து பேருக்கும் தெரியும். மாமா என்ன சொல்வாரோ என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாமா வண்டியிலிருந்து இறங்கி, அதற்குள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா மாமாவுக்குப் பரிமாறினாள். மாப்பிள்ளை இலைக்கு நான் போனேன். ஒரு கரண்டி சோறு வைத்தேன். போதும் என்று சொல்ல அவர் இலைக்கு மேல் கையை நீட்டுவார் என்று நின்றேன், நீட்டவில்லை. இன்னொரு கரண்டி வைத்தேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிர, கையை நீட்டவே இல்லை.